இனிமேல் எல்லாரும் சமமாம்! போகலூசா மில்லின் ஏணிக் கணக்கு

"பழசை ஏன் கிளறுறீங்க? நடந்தது நடந்துபோச்சு. இனிமேல் எல்லாருக்கும் ஒரே ரூல். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

இந்த வார்த்தையைக் கேட்காமல் வேலைக்குப் போய் வருகிற நம்மாள் யாராவது இருக்கிறார்களா? மேனேஜர் சொல்கிறார். மேனேஜரை எதிர்த்துக் கோஷம் போடுகிற சங்கத் தலைவரும் இதையேதான் சொல்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எதிர்த்துப் பேசினால் நாம்தான் சமத்துவத்துக்கு விரோதி ஆகிவிடுகிறோம். இந்த நியாயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. லூசியானா மாநிலத்தில், பேர்ல் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற ஊர். பெயர் போகலூசா. மரத்தை அறுத்துப் பிறந்த ஊர். மரத்தைக் கூழாக்கிப் பிழைத்த ஊர்.

இந்த ஊரைப் பற்றி நம்மிடையே பேசுகிறவர்கள் இரண்டு கதைகளைச் சொல்வார்கள். வர்க்க ஒற்றுமை பேசும் தோழர்கள் 1919ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வார்கள். வீரம் பேசும் தம்பிகள் 1965ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது. அதில் ரத்தமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சீனியாரிட்டிப் பட்டியல் மட்டும் இருக்கிறது. அதனால்தான் அதை யாரும் சொல்வதில்லை. வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து பட்டியல்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு அந்த மூன்றாவது கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

கம்பெனி பெற்ற பிள்ளை

சோக்டாவ் என்ற பூர்வகுடிகளின் மொழியில் அங்கே ஓடும் ஓடைக்குக் கறுத்த தண்ணீர் என்று பொருள். அந்தப் பெயரைத்தான் ஊருக்கும் வைத்தார்கள். வைத்தவர்கள் சோக்டாவ் மக்கள் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்திலிருந்து வந்த குட்இயர் சகோதரர்களின் கிரேட் சதர்ன் லம்பர் கம்பெனி. 1906ல் காட்டுக்குள் ஊரைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1908ல் மில் ஓடத் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய மர அறுவை மில் என்று பெயர் வாங்கியது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் போர்டு அடி மரம் அறுக்கும் வல்லமை அதற்கு. ஒரு போர்டு அடி என்றால் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குல கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை மரம் சாய்ந்திருக்கும் என்று. நீண்ட ஊசி இலைகள் கொண்ட பைன் மரங்கள், நூறு இருநூறு வருஷம் நின்று வளர்ந்தவை, முப்பதே வருஷத்தில் காலி. 1938ல் அந்த மில்லை மூடிவிட்டார்கள்.

காட்டுக்குள் திடீரென்று முளைத்ததால் இதற்கு மேஜிக் நகரம் என்று பட்டப்பெயர். மேஜிக் என்ன மேஜிக்? வீடு கம்பெனியுடையது. ரயில் பாதை கம்பெனி போட்டது. மில்லின் பொதுமேலாளர் சல்லிவன்தான் ஊரின் மேயர். 1914ல் ஊர் நகராட்சி ஆனதிலிருந்து 1929ல் அவர் சாகிறவரை அவரேதான் மேயர். சம்பளம் கொடுக்கிற கையும் சட்டம் போடுகிற கையும் ஒன்றாக இருந்தால், அந்த ஊரில் குடிமகன் என்று யாரும் இல்லை. கூலிக்காரன்தான் உண்டு.

அந்தக் கம்பெனி ஊரைக் கட்டும்போதே வெள்ளையர் வீடுகள் ஒரு பக்கம், கறுப்பர் வீடுகள் வேறு பக்கம் என்று பிரித்தே கட்டியது. இதைக் கவனிக்க வேண்டும். பழைய ஊரில் பழைய வழக்கம் தொடர்ந்தது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அங்கே பழைய ஊரே கிடையாது. வெறுங்காட்டில், புத்தம்புது மூலதனம், புத்தம்புது இயந்திரம், வடக்கத்தி முதலாளி. எல்லாம் புதுசு. சேரி மட்டும் பழசு. தொழில் வந்தால் பேதம் தானாகக் கரைந்துபோகும் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு ஊரைப் படித்துவிட்டு வந்து பேசட்டும். தொழில் பேதத்தைக் கரைக்கவில்லை. பேதத்தை வரைபடத்தில் கோடு போட்டு, ஆணியடித்து, வாடகைக்கு விட்டது.

1919: நாலு பேர் செத்தார்கள், சரி. அப்புறம்?

முதல் உலகப்போர் முடிந்த சமயம். மில்லில் சங்கம் கட்டினார்கள். கறுப்பர்களை வெளியே நிறுத்திவிட்டுப் போராடினால், கம்பெனி அவர்களையே கொண்டுவந்து போராட்டத்தை உடைக்கும் என்று வெள்ளைத் தொழிலாளர்களுக்குப் புரிந்தது. கறுப்புத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு சால் டேக்கஸ் என்ற கறுப்பர் தலைவர். கம்பெனி விசுவாசிகள் ஒரு கும்பலாகத் திரண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் தப்பி ஓடி ஒளிந்தார். மறுநாள், 1919 நவம்பர் 22, துப்பாக்கி ஏந்திய வெள்ளைத் தொழிலாளர்கள் இரண்டு பேர் இரு பக்கமும் காவலாக நடக்க, டேக்கஸ் ஊரின் நடுவீதி வழியாக நடந்து வந்தார். லம் வில்லியம்ஸ் என்ற வெள்ளைச் சங்கத் தலைவரின் மோட்டார் பட்டறைக்குள் போனார்கள். கும்பல் வந்து சுட்டது. வில்லியம்ஸ் உட்பட நாலு வெள்ளைத் தொழிலாளர்கள் செத்தார்கள். டேக்கஸ் தப்பிவிட்டார். கொன்றவர்கள் யாருக்கும் தண்டனை இல்லை. வில்லியம்ஸின் மனைவி கம்பெனி மீது போட்ட வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 1928ல் தோற்றது.

ஒரு கறுப்பருக்காக வெள்ளையர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அந்தத் தெற்கில், அந்தக் காலத்தில். இதைச் சிறுமைப்படுத்துகிறவன் மனுசன் இல்லை. அந்த நாலு பேருக்கும் நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் நம்ம தோழர்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? "பார்த்தீங்களா, வர்க்கம்னு வந்துட்டா நிறமெல்லாம் மறைஞ்சிடும். அதனால நீங்க தனியா சங்கம் கிங்கம்னு ஆரம்பிக்காதீங்க" என்று சொல்கிறார்கள். சரி தோழர், நான் கேட்கிறேன். அந்த நாலு பேர் செத்த அதே ஊரில், பிற்பாடு சங்கம் வந்தது. பேப்பர் மில்லில் வந்தது. நிலையான சங்கம், ஒப்பந்தம் போடுகிற சங்கம், அமெரிக்கத் தொழிற்சங்க மகாசபையில் அங்கம் வகித்த சங்கம். அந்தச் சங்கம் எப்படி இருந்தது? வெள்ளையருக்கு லோக்கல் 189. கறுப்பருக்கு லோக்கல் 189ஏ. ஒரே மில், ஒரே முதலாளி, ஒரே தாய்ச்சங்கம். நம்பருக்குப் பின்னால் ஒரு "ஏ". இரட்டைக் குவளையைத் தொழிற்சங்கப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

துப்பாக்கி முனையில் வந்த ஒற்றுமை நாலு பிணங்களோடு முடிந்தது. ஒப்பந்தத்தின் முனையில் வந்த பிரிவினையோ தலைமுறைகளுக்கு நின்றது. தியாகத்தைச் சொல்லிக்காட்டி ஒப்பந்தத்தை மறைக்கக் கூடாது. செத்தவர்களை மேடையில் நிறுத்திவைத்து, இருக்கிறவர்களின் கணக்கு நோட்டைப் பூட்டிவைக்கிற வேலை அது.

ஏணி எப்படி வேலை செய்தது

மர மில் மூடிய பிறகு ஊருக்குச் சோறு போட்டது பேப்பர் மில். அது கை மாறி கை மாறி, 1950களில் கிரௌன் ஜெல்லர்பேக் என்ற பெரிய கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த மில்லில் வேலைகளை ஏணி ஏணியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கீழ்ப்படியில் சேர்ந்தால் அதற்கு மேல்படி, அதற்கும் மேல்படி என்று ஏறிப்போகலாம். படிக்குப் படி சம்பளம் கூடும். இதில் வெள்ளையருக்குத் தனி ஏணிகள், கறுப்பருக்குத் தனி ஏணிகள். வெள்ளையர் ஏணி உயரமானது, இயந்திரத்தின் உச்சிவரைக்கும் போகும். கறுப்பர் ஏணி நாலு படியோடு நின்றுவிடும். தூக்குவது, சுமப்பது, கூட்டுவது, அள்ளுவது. முப்பது வருஷம் வேலை பார்த்தாலும் அதற்கு மேல் படியே கிடையாது.

1964ல் சிவில் உரிமைச் சட்டம் வருகிறது. வரப்போகிறது என்று தெரிந்ததும் 1964 மே மாதம் மில்லில் ஏணிகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். "இனிமேல் வெள்ளை ஏணி, கறுப்பு ஏணி கிடையாது. ஒரே ஏணி. யாரும் ஏறலாம்" என்றார்கள். எப்படி இணைத்தார்கள்? சம்பள வரிசைப்படி. கறுப்பர் வேலைகளுக்குச் சம்பளம் குறைவு. ஆகவே கறுப்பர் ஏணியை எடுத்து, வெள்ளையர் ஏணியின் அடியில் வைத்து ஒட்டினார்கள். பெரும்பாலும் இதுதான் நடந்தது. ஏணி ஒன்றாகிவிட்டது. யார் மேலே, யார் கீழே என்பதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

இதற்கு மேல்தான் சூட்சுமம். மேல்படியில் ஒரு இடம் காலியானால் யாருக்குக் கொடுப்பது? அதற்கு அடுத்த கீழ்ப்படியில் நிற்பவர்களில் அந்தப் படியில் யார் அதிக நாள் நின்றாரோ அவருக்கு. மில்லில் எத்தனை வருஷம் என்பது கணக்கே இல்லை. அந்தப் படியில் எத்தனை வருஷம் என்பதுதான் கணக்கு.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். கற்பனை ஆட்கள்தான். ஒரு கறுப்புத் தொழிலாளி 1945ல் சேர்ந்தார். இருபது வருஷம் மரக்கட்டை சுமந்தார். ஒரு வெள்ளைப் பையன் 1960ல் சேர்ந்தான். வெள்ளையர் ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டான். 1965ல் சட்டம் அமலுக்கு வந்து, பெரியவர் அந்த ஏணியின் முதல் படிக்கு வருகிறார். இப்போது அவருடைய சீனியாரிட்டி என்ன? பூஜ்யம். இருபது வருஷ வேர்வை, பூஜ்யம். 1960ல் வந்த பையனை அவர் பிடிக்க முடியுமா? சாகிறவரைக்கும் முடியாது. பையன் எந்தப் படியில் நின்றாலும் இவரைவிட முன்னாலேயே வந்து நின்றவனாகத்தான் இருப்பான். இவர் ஒரு படி ஏறும்போது அவன் அடுத்த படியில் இருப்பான்.

ஏன் இவர் முன்னாலேயே அந்தப் படியில் வந்து நிற்கவில்லை? அப்போது அவரை நிற்க விடவில்லை. அதற்கு யார் பொறுப்பு? யாரும் இல்லை, அது பழைய கதை! இன்றைய விதியைப் பாருங்கள், அதில் நிறம் என்ற வார்த்தையே இல்லை!

இதுதான் விஷயம். விலக்கி வைத்த வருஷங்களை மூலதனமாகப் போட்டு, அதற்கு வட்டி வாங்கிக்கொண்டே, "இனிமேல் எல்லாரும் சமம்" என்று சொல்வது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், அடித்துப் பிடுங்கிய பணத்தை என் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, இன்று முதல் எல்லாருக்கும் ஒரே வட்டி விகிதம் என்று போர்டு மாட்டுவது. விகிதம் ஒன்றுதான் ஐயா. அசல் யாருடையது?

1965: துப்பாக்கி செய்ததும் செய்யாததும்

இனி இளைஞர்களுக்குப் பிடித்த கதை. 1964ல் லூசியானாவின் வடக்கே ஜோன்ஸ்போரோவில், அதுவும் மரத்தொழிலை நம்பிய ஊர்தான், கறுப்பர்கள் தற்காப்புக்கு ஆயுதம் ஏந்தி டீக்கன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1965 பிப்ரவரியில் அதன் கிளை போகலூசாவில் வந்தது. அதற்குக் காரணம் பிப்ரவரி முதல் நாள் இரவு நடந்த ஒரு சம்பவம். ராபர்ட் ஹிக்ஸ் என்ற மில் தொழிலாளியின் வீட்டில் சிவில் உரிமை இயக்கத்தைச் சேர்ந்த வெள்ளை இளைஞர்கள் இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். கும்பல் திரள்கிறது, அவர்களை வெளியே அனுப்பிவிடு என்று போலீஸ் அதிகாரியே வந்து சொன்னார். ஹிக்ஸ் குடும்பம் மறுத்தது. அக்கம்பக்கத்துக் கறுப்பர்களுக்குப் போன் போட்டார்கள். துப்பாக்கிகளோடு வந்து காவல் நின்றார்கள். கும்பல் வரவில்லை.

போலீஸ் காப்பாற்றாத ஊரில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வது குற்றமா? கூ க்ளக்ஸ் க்ளான் பகலிலேயே நடமாடிய ஊர் அது. அந்த வட்டாரத்தின் முதல் கறுப்பு துணை ஷெரீஃப்கள் இருவரில் ஒருவரான ஓனீல் மூர் 1965 ஜூன் 2 இரவு சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த கிரீட் ராஜர்ஸின் ஒரு கண் போய்விட்டது. 1966 ஜூலையில் கிளாரன்ஸ் ட்ரிக்ஸ் என்ற கறுப்பர் கொல்லப்பட்டார். இரண்டு கொலையிலும் ஒருவருக்கும் தண்டனை இல்லை. இந்த நிலைமையில் டீக்கன்ஸ் நின்ற நிற்பு க்ளானின் தைரியத்தை உடைத்தது. மத்திய அரசையும் அசைத்தது. 1965 ஜூலையில் போராட்டக்காரர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று போலீசுக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டது. டிசம்பரில் க்ளானுக்கே தடை உத்தரவு வந்தது. ஆக்லண்டில் கருஞ்சிறுத்தைக் கட்சி 1966ல் பிறப்பதற்கு முன்னாலேயே இதெல்லாம் நடந்துவிட்டது. அந்தச் சிறுத்தையின் பெயரை 1972ல் மும்பையில் நம்ம இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த ஊர் நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, கிட்டத்துச் சொந்தம்தான்.

ஆனால் தம்பிகளே, துப்பாக்கியால் ஒன்றைச் செய்ய முடியவில்லை. அது க்ளான்காரனை வாசலோடு திருப்பி அனுப்பியது. மில்லுக்குள் இருந்த ஏணியை அது ஒரு அங்குலம்கூட அசைக்கவில்லை. ராத்திரி துப்பாக்கியோடு காவல் நின்றவர் காலையில் அதே கீழ்ப்படிக்குத்தான் வேலைக்குப் போனார். க்ளானின் முகமூடியைக் கழற்றலாம், உள்ளே ஒரு முகம் இருக்கும். சீனியாரிட்டிப் பட்டியலுக்கு முகமூடியும் இல்லை, முகமும் இல்லை. யாரைப் போய் சுடுவது?

ஹிக்ஸுக்கும் ஏ. இசட். யங்குக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் மில்லில் வேலை செய்தவர்கள். ஒரு கையில் தற்காப்பு, இன்னொரு கையில் வழக்குக் கட்டு, இரண்டு காலிலும் ஊர்வலம். 1967 ஆகஸ்டில் யங் தலைமையில் போகலூசாவிலிருந்து தலைநகர் பேட்டன் ரூஜ் வரைக்கும் நூறு மைலுக்கு மேல் நடந்தே போனார்கள்.

ஏணியை அசைத்தது

1968 ஜனவரி. கறுப்பர்களுக்கு மில் முழுக்க வேலை பார்த்த வருஷங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கம்பெனியிடம் சொல்கிறது. அரசுக்குச் சரக்கு விற்கிற கம்பெனி, அதனால் இறங்கி வருகிறது. உடனே எதிர்த்தது யார்? வெள்ளைச் சங்கம், லோக்கல் 189. சீனியாரிட்டியில் கை வைத்தால் வேலைநிறுத்தம் என்று மிரட்டியது. 1919ல் ஒரு கறுப்பருக்காகச் செத்த வெள்ளைத் தொழிலாளிகளின் ஊரில், 1968ல் கறுப்பர் ஏணியில் ஏறக்கூடாது என்பதற்காக வேலைநிறுத்தம்! வர்க்க ஒற்றுமை பேசும் தோழர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் ஏன் கிழித்துவிட்டுப் படிக்கிறார்கள்?

அரசு கோர்ட்டுக்குப் போனது. மாவட்ட நீதிமன்றம் அந்தப் படிக்கணக்கு முறையை ரத்து செய்தது. 1969 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி விஸ்டம் அதை உறுதி செய்து தீர்ப்பு எழுதினார். பார்வைக்கு நடுநிலையாக இருக்கிற விதிகூட, பழைய பாகுபாட்டை இன்றைக்கும் இழுத்துக்கொண்டு வந்தால் அது இன்றைய பாகுபாடுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு சாதுவானது என்பதையும் பாருங்கள். வெள்ளையர் யாரையும் இறக்கிவிடச் சொல்லவில்லை. யார் சம்பளத்தையும் குறைக்கவில்லை. பழைய வருஷங்களுக்கு நஷ்ட ஈடு கேட்கவில்லை. இனி ஒரு இடம் காலியானால், வேலை தெரிந்தவர்களில் மில்லில் அதிக வருஷம் உழைத்தவருக்குக் கொடு என்றது. அவ்வளவுதான். உரிய இடம் கொடு, அதுவும் இடம் காலியாகும்போது கொடு என்றது. இந்தச் சின்ன நியாயத்துக்கே வேலைநிறுத்த மிரட்டல் என்றால், பறித்ததைத் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு வழக்கு ஹிக்ஸ் பெயரிலேயே நடந்தது. அது தகுதித் தேர்வு பற்றியது. மரக்கூழ் மில்லில் வேலை பார்க்க அறிவுத்திறன் தேர்வு! அந்த வேலைக்கும் அந்தக் கேள்விகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கறுப்பரை வடிகட்டுகிற அந்தத் தேர்வுகள் 1970ல் நீதிமன்றத்தில் அடிபட்டன. தகுதி, திறமை என்று யாராவது வாய் திறந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பரீட்சையை ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர் எழுதினாரா? ராபர்ட் ஹிக்ஸ் கடைசியில் அந்த மில்லின் முதல் கறுப்பு மேற்பார்வையாளர் ஆனார். மில் ஆரம்பித்த நாளிலிருந்து அதற்குத் தகுதியான ஒரு கறுப்பர்கூட அதுவரை பிறக்கவில்லை என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

மறுபடியும் பூட்டியது

கதை இங்கேயே முடிந்திருந்தால் நீதிமன்றத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போகலாம். 1977ல் லாரித் தொழிலாளர் சங்க வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. பாகுபாடு செய்கிற நோக்கத்தோடு உருவாக்கப்படாத சீனியாரிட்டி முறை, 1964 சட்டத்துக்கு முந்தைய பாகுபாட்டை இன்றும் தொடர வைத்தாலும் சட்டப்படி செல்லும் என்றது. அதாவது ஏணி கோணலாக இருக்கலாம், கோணலாக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யாமல் இருந்தால் போதும்! போகலூசாவின் தொழிலாளிகள் திறந்த கதவை, எட்டே வருஷத்தில் நாடு முழுவதற்குமாகச் சேர்த்துச் சாத்தினார்கள்.

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதா? 1990களில் பதவி உயர்வில் இட ஒதுக்கீடு பெற்று முன்னால் போனவரை, பின்னால் வந்த பொதுப்பிரிவினர் மறுபடி சீனியாரிட்டியில் தாண்டலாம் என்று நம்ம உச்சநீதிமன்றம் சொன்னதும், அதைச் சரிசெய்ய 2001ல் 85ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் எதற்காக? இதே ஏணிக்காகத்தான். பதவியைக் கொடு, சீனியாரிட்டியைக் கொடுக்காதே. படியில் ஏறவிடு, நிற்கவிடாதே. ஆங்கிலத்தில் சொன்னால் என்ன, தமிழில் சொன்னால் என்ன, கணக்கு ஒன்றுதான்.

காத்திருந்தவனுக்குக் கிடைத்தது

"மெல்ல மெல்ல எல்லாம் சரியாகும், காலம் மாறும்" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கும் அந்த ஊரில் பதில் இருக்கிறது. கறுப்பர்களுக்கு ஏணி திறந்தபோது ஏணியே தேய்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் வந்து ஆள் குறைந்தது. 1960ல் இருபத்தோராயிரம் பேர் இருந்த ஊரில் 2020ல் மிச்சம் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்தாயிரத்து அறுநூறு பேர். பாதி ஊர் காலி. மில் மறுபடி மறுபடி கை மாறியது. 1995 அக்டோபரில் மில் வளாகத்தில் ஒரு ரயில் டாங்கியிலிருந்து ரசாயனம் கசிந்து, ஆரஞ்சு நிற மேகம் ஊர்மேல் எழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வைத்தியத்துக்கு ஓடினார்கள். 2011 ஆகஸ்டில் மில்லின் கரிய கழிவுநீர் பேர்ல் ஆற்றில் கலந்து லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. கறுத்த தண்ணீர் என்று சோக்டாவ் மக்கள் ஓடைக்குப் பெயர் வைத்தபோது, கம்பெனி ஆற்றையும் அப்படியே ஆக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

லாபத்தைப் பங்கு போட்ட காலத்தில் கதவு அடைத்திருந்தது. நச்சுப்புகையைப் பங்கு போட்டபோது கதவு திறந்தே இருந்தது. காத்திருக்கச் சொல்வதன் அர்த்தம் இதுதான். காத்திருக்கிற ஒவ்வொரு வருஷமும் இன்னொருவன் கணக்கில் சீனியாரிட்டியாக ஏறுகிறது. தாமதம் நடுநிலை அல்ல. தாமதம் என்பது ஒரு பக்கத்துக்குக் கொடுக்கிற சம்பள உயர்வு.

இந்த ஊரில்தான் யூசெஃப் கொமன்யாகா என்ற கறுப்புக் கவிஞர் பிறந்தார். தச்சரின் மகன். 1992ல் வந்த ஒரு கவிதைத் தொகுப்புக்கு ஊரின் பட்டப்பெயரையே, மேஜிக் சிட்டி என்றே, தலைப்பாக வைத்தார். 1994ல் புலிட்சர் பரிசு வாங்கினார். "பாருங்க, திறமை இருந்தா எங்கிருந்தும் மேல வரலாம்" என்று இவரையும் ஒரு சாட்சியாக இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு மகன் கவிஞனானதைக் காட்டி, அவன் அப்பன் தலைமுறைக்கு ஏன் படி இல்லை என்ற கேள்வியை மூடிவிட முடியாது. அந்த மகன் ஊரை விட்டுப் போன பிறகுதான் கவிஞனாகப் பெயரெடுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒடுக்குமுறையைக் கத்தியிலும் நெருப்பிலும் மட்டும் தேடிப் பழகிவிட்டோம். எரிந்த வீட்டைப் படம் எடுக்கிறோம், வெட்டுப்பட்ட உடலைப் படம் எடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எரியாமல், வெட்டாமல், மாதச் சம்பளத்தோடு, சங்கச் சந்தாவோடு, கையெழுத்தும் முத்திரையுமாக நடக்கிற ஒடுக்குமுறை ஒன்று இருக்கிறது. அது நூறு பக்கச் சுற்றறிக்கையில் பதினேழாவது பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும். நம்மாளில் படித்தவன், வேலைக்குப் போனவன், பட்டியலைக் கையில் வைத்திருக்கிறவன் செய்ய வேண்டிய இயக்கவேலை அது. போகலூசாவில் மில் தொழிலாளிகளே அதைச் செய்தார்கள். ஏணி எப்படி ஒட்டப்பட்டது என்பதை ஒவ்வொரு படியாக நீதிமன்றத்தில் விரித்துக் காட்டினார்கள். பட்டதாரிகளான நமக்கு என்ன கேடு?

நாளைக்கே உங்கள் அலுவலகத்தில், ஆலையில், பள்ளியில், பல்கலைக்கழகத்தில் ஒரு சீனியாரிட்டிப் பட்டியல் சுற்றுக்கு வரும். வழக்கம்போல உங்கள் பெயர் எங்கே என்று தேடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தேதியில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும், எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரைக்கும் மறுபடி மறுபடி கேளுங்கள்.